சுண்ணாம்பு தடவாத கலயம்

என் பிழைப்புக்கு மூலகாரணம் கள். சிரிக்காதீர்கள், நான் குடிப்பவனில்லை. சேலத்தில் வரி ஆலோசகராக இருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்வது, உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துக் கொடுப்பது, நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுவது, இதுதான் வேலை. இந்த வேலை எங்கிருந்து முளைத்தது என்று தேடிக்கொண்டு போனால் கள்ளுக்கடை வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாவற்றையும் மூடினார்கள். மூடியவர் ராஜாஜி. அப்போது அவர் சென்னை மாகாணத்தின் பிரதமர், முதலமைச்சர் பதவிக்கு அன்றைய பெயர் அது. வக்கீல் தொழில் நடத்தியது இங்கே, நகரசபைத் தலைவராக இருந்தது இங்கே, அதனால் மதுவிலக்கையும் இங்கிருந்தே தொடங்கினார். கடை மூடினால் கலால் வருமானம் போகும். போன வருமானத்தை எங்கிருந்து எடுப்பது? 1939-ல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். இந்தியாவில் முதல்முதலாக. அதுவே 1959-ல் புதுச் சட்டமாகி, 2007-ல் வாட் ஆகி, 2017 ஜூலையில் ஜிஎஸ்டிக்குள் கரைந்தது. என் மேசைக்கு மாதாமாதம் வரும் பில் கட்டுகளின் பூர்வீகம் இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், அரசாங்கம் வியாபாரத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று இந்தியாவிலேயே உரக்கச் சொன்னவரும் அதே ராஜாஜிதான். 'பர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம்' என்று பெயர் வைத்து, 80 வயதில் அதற்கு எதிராகச் சுதந்திராக் கட்சி என்று ஒரு கட்சியே ஆரம்பித்தார். நான் அந்தப் பக்கத்து ஆள். அடுத்தவனுக்குக் கெடுதல் செய்யாதவரை ஒருவன் எதை விற்கிறான், எதை வாங்குகிறான், என்ன பேசுகிறான், யாரைக் கட்டிக்கொள்கிறான் என்பதில் சர்க்காருக்கு வேலை கிடையாது என்று நினைப்பவன். போலீஸ், கோர்ட், சாலை, சாக்கடை, தொற்றுநோய்த் தடுப்பு, எடைக்கல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, பிள்ளைகள் படிப்புக்குப் பணம் கொடுப்பது, இவற்றை ஒழுங்காகச் செய்தாலே போதும். இவற்றையே ஒழுங்காகச் செய்வதில்லை என்பது தனிக்கதை.

பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் என் அக்கா மகனும் தன்னை லிபர்டேரியன், அதாவது சர்க்கார் தலையீடு வேண்டாம் என்பவன், என்றுதான் சொல்லிக்கொள்கிறான். அவன் சுதந்திரம் வருமான வரியில் தொடங்கி கிரிப்டோவில் முடிந்துவிடும். "வரியே திருட்டு மாமா" என்பான். சம்பளப் பட்டியலைப் பார்த்துச் சுதந்திரத்தைக் கற்றுக்கொண்டால் அங்கேதான் போய் நிற்க முடியும். நான் கற்றுக்கொண்டது அரிசி மூட்டையில்.

என் தாத்தா லீ பஜாரில் ஒரு மண்டியில் கணக்குப்பிள்ளை. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் வந்த உணவுக் கட்டுப்பாடு, போர் முடிந்தும் போகவில்லை. அறுவடை ஆனதும் அதிகாரி களத்துமேட்டுக்கு வருவார். வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் இவ்வளவு, மீதி சர்க்காருக்கு, விலை சர்க்கார் சொல்வதுதான். பட்டணத்தில் ரேஷன் கார்டு, அவுன்ஸ் கணக்கில் அரிசி. ஒரு மாவட்டத்து நெல்லை இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோனால் கடத்தல். தஞ்சாவூரில் விளைந்ததைச் சேலத்தில் தின்பது குற்றம். ரயிலில் வரும் பெண்கள் புடவைக்குள் நாலு படி அரிசியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வருவார்களாம், ஸ்டேஷனில் இறங்கும்போது நடையைப் பார்த்தே பிடிப்பார்களாம். தாத்தா இதை நடித்துக் காட்டுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். இப்போது யோசித்தால் சிரிப்பு வருவதில்லை. பசிக்கு அரிசி கொண்டுவந்தவளைத் திருடியாக்குவதற்கு ஒரு சட்டம், ஒரு இலாகா, ஒரு சம்பளப் பட்டியல்.

ராஜாஜி 1952 ஏப்ரலில் முதலமைச்சர் ஆனார். ஜூனில் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். எடுத்தால் பஞ்சம் வரும், பதுக்கல்காரன் கொள்ளையடிப்பான், நகரம் பட்டினி கிடக்கும் என்று பயந்தவர்கள் நிறையப் பேர். அந்தப் பயத்துக்கு அர்த்தமில்லாமல் இல்லை. வங்காளப் பஞ்சம் நடந்து பத்து வருடம்கூட ஆகவில்லை, லட்சக்கணக்கில் செத்திருந்தார்கள். ஆனால் நடந்தது வேறு. கட்டுப்பாடு போனதும் ஒளிந்திருந்த அரிசி கடைக்கு வந்தது. கள்ளச்சந்தை என்பது தடை இருக்கும்வரைதான், தடை போனால் அதற்குப் பெயர் வெறும் சந்தை. டெல்லியில் அப்போது உணவு மந்திரி ரஃபி அகமது கித்வாய். அவரும் இதே நோக்கில் இருந்தார். 1954-க்குள் நாடு முழுக்கக் கட்டுப்பாடு தளர்ந்தது.

தாத்தா சொன்னதில் எனக்கு மறக்காதது ஒன்று உண்டு. கட்டுப்பாட்டுக் காலத்தில் மண்டி முதலாளி காலையில் எழுந்ததும் தாலுகா ஆபீசில் யார் இன்றைக்கு இருக்கிறார் என்று விசாரிப்பாராம். கட்டுப்பாடு போன பிறகு ஆத்தூரில் மழையா, நாமக்கல்லில் என்ன விலை என்று விசாரிப்பாராம். பொருளாதாரம் படித்தவர்கள் பக்கம் பக்கமாக விளக்குவது எனக்கு இந்த இரண்டு விசாரிப்புகளில் புரிந்துவிட்டது. விலையைச் சந்தை தீர்மானித்தால் வியாபாரி மழையைப் பார்ப்பான். அதிகாரி தீர்மானித்தால் அதிகாரியின் முகத்தைப் பார்ப்பான்.

இங்கே ஒரு இடைச்செருகல். அரிசியை அவிழ்த்துவிட்ட அதே காலத்தில் ராஜாஜி இன்னொரு காரியமும் செய்தார். வேட்டியும் சேலையும் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்க வேண்டும், மில்கள் நெய்யக் கூடாது என்று டெல்லியோடு மல்லுக்கு நின்றார். சேலம் நெசவாளர்களுக்கு அது இனித்திருக்கும். அரிசியில் போட்டி நல்லது, வேட்டியில் கெட்டது! எந்தக் கொள்கைக்காரனும் தனக்குப் பிடித்த ஒரு பண்டத்தை விதிவிலக்காக ஒதுக்கி வைத்திருப்பான் போலிருக்கிறது.

அரிசிக் கட்டுப்பாட்டில் பட்டது போதாதென்று பத்தே வருடத்தில் தங்கத்தில் கை வைத்தார்கள். சீனப் போர் முடிந்த சூடு, 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது. மொரார்ஜி தேசாய் நிதியமைச்சர். நம் ஊரில் 22 காரட்டுக்குக் குறைந்து தாலி செய்து எந்த வீட்டில் கட்டுவார்கள்? பரம்பரையாகப் பட்டறை வைத்திருந்த பொற்கொல்லர்கள் ஒரே அறிவிப்பில் வேலையிழந்தார்கள். நாடெங்கும் தற்கொலைகள். கொஞ்ச காலத்தில் 14 காரட் விதியைக் கைவிட்டார்கள். ஆனாலும் 1968-ல் தனிச் சட்டமே வந்தது. கட்டித் தங்கம் வைத்திருக்கக் கூடாது, பட்டறைக்காரர் கையிருப்புக்கு வரம்பு, எதற்கெடுத்தாலும் ரெஜிஸ்டர். 1990-ல்தான் ஒழித்தார்கள். இத்தனையும் மக்களின் தங்க மோகத்தைக் குறைக்க. மோகம் குறைந்ததா? துபாயிலிருந்து படகில் பிஸ்கட் வந்தது. பம்பாய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ராமநாதபுரம் பனைக்குளத்துக்காரர் ஒருவர் ஹாஜி மஸ்தானாகப் பெரிய ஆளானார். கடத்தல்காரனைச் சினிமா உருவாக்கவில்லை, நிதியமைச்சகம் உருவாக்கியது. சினிமா அவனுக்கு வெள்ளைக் கோட்டுப் போட்டுவிட்டது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட காலத்தில் சுதந்திராக் கட்சி வந்தது. 1959 ஜனவரியில் நாக்பூரில் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் போட்டது. நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று விவசாயிகளுக்குக் கிலி. அந்த ஆண்டே ராஜாஜி, மினு மசானி, என். ஜி. ரங்கா எல்லாரும் சேர்ந்தார்கள். ரங்கா தலைவர், மசானி பொதுச்செயலாளர், சின்னம் நட்சத்திரம். கட்சியின் அடிப்படைக் கொள்கைகளுக்குள் வராத எந்த விஷயத்திலும் உறுப்பினர் அவரவர் இஷ்டப்படி கருத்து வைத்துக்கொள்ளலாம் என்று கட்சி விதியிலேயே எழுதி வைத்திருந்தார்கள். இன்றைக்கு ஒரு வட்டச் செயலாளர் முகநூலில் ஒரு லைக் போட்டால் கட்சியை விட்டு நீக்குகிற காலத்தில் இதைப் படிக்கும்போது ஏதோ வேற்றுக்கிரகச் செய்தி மாதிரி இருக்கிறது.

மக்களவையில் 1962-ல் 18 இடம், 1967-ல் 44 இடம். தமிழ்நாட்டில் 1967-ல் அண்ணாவோடு கூட்டணி, சட்டமன்றத்தில் 20 பேர். அந்தக் கூட்டணியின் பெரிய வாக்குறுதி ரூபாய்க்கு மூன்று படி அரிசி! அரிசி விலையில் அரசு தலையிடக் கூடாது என்று 1952-ல் நிரூபித்தவர், சர்க்கார் மலிவு அரிசி தரும் என்ற மேடையில் ஏறி ஜெயித்தார். ஆட்சிக்கு வந்ததும் மூன்று படி ஒரு படியாகி, சென்னையிலும் கோவையிலும் கிடைத்தது. 1971-ல் சுதந்திராக் கட்சி மக்களவையில் எட்டாகச் சுருங்கியது. 1974-ல் சரண் சிங் கட்சியோடு கரைந்து போனது.

ஏன் கரைந்தது என்று கேட்டால் என் நண்பர்கள் இந்திரா அலை என்பார்கள், ராஜாஜி 1972-ல் காலமானார் என்பார்கள். எனக்கு அது போதவில்லை. ராஜஸ்தானில் அந்தக் கட்சியின் முகம் ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி. ஒரிசாவில் முன்னாள் சமஸ்தானத்துக்காரர்கள். பம்பாயில் தொழிலதிபர்கள். லைசென்ஸ் ராஜ்யத்தால் அதிகம் அடிபட்டவன் தள்ளுவண்டிக்காரனும் தட்டாரும்தான், ஆனால் மேடையில் உட்கார்ந்திருந்தது யார் என்று பாருங்கள். ஏழைக்காகப் பேசுகிறோம் என்று ராஜா சொன்னால் ஏழை நம்புவானா?

தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. 1953. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பை மூன்று மணி நேரமாகக் குறைத்து இரண்டு ஷிப்ட் ஆக்கினார் ராஜாஜி. மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் அப்பா செய்யும் தொழிலைக் கற்கட்டும் என்றார். குலக்கல்வி என்று பெயர் விழுந்தது. பெரியார் எரிமலையானார். காங்கிரஸ் உள்ளேயே எதிர்ப்பு. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தைக் குப்பையில் போட்டார். ராஜாஜி பக்கத்து நியாயம் சொல்பவர்கள் பள்ளிக்கூடம் கட்டக் காசில்லை, இருக்கிற கட்டடத்தில் இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கட்டும் என்பதுதான் எண்ணம் என்கிறார்கள். இருக்கலாம். காசில்லை என்றால் ஷிப்ட் வை. மீதி நேரத்தில் பையன் என்ன செய்ய வேண்டும் என்று நீ எதற்குச் சொல்கிறாய்? அதிலும் அப்பன் தொழிலை?

ஒரு சுதந்திரச் சந்தைக்காரனுக்கு முதலில் கோபம் வந்திருக்க வேண்டிய இடம் இதுதான். யார் எந்தத் தொழில் செய்யலாம், எந்தத் தெருவில் வீடு வாங்கலாம், யார் யாருக்குப் பெண் கொடுக்கலாம் என்று பிறக்கும் முன்பே தீர்மானித்து வைத்திருப்பதற்குச் சாதி என்று பெயர். அதுவும் ஒரு பர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம்தான். புதுப்பிக்க வேண்டியதில்லை, ரத்து செய்யவும் முடியாது, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து ஒட்டியே கொடுத்துவிடுவார்கள். சந்தை என்றால் ஒருவனுடைய திறமைக்கு யார் வேண்டுமானாலும் விலை சொல்லலாம் என்று அர்த்தம். முடிதிருத்துபவர் மகன் முடிதான் திருத்த வேண்டும் என்றால் அங்கே சந்தையே கிடையாது. ராஜாஜி சாதியைத் தூக்கிப் பிடித்தவர் என்று நான் சொல்ல வரவில்லை. 1939-ல் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தவர் அவர். ஆனால் டெல்லி ஆபீசர் கையில் இருந்த முத்திரை அவர் கண்ணில் பட்ட அளவுக்கு ஊர் கையில் இருந்த முத்திரை படவில்லை.

அம்பேத்கர் கண்ணில் பட்டது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, இந்த அரசியல் சட்ட வரைவு கிராமத்தைத் தள்ளிவிட்டுத் தனிமனிதனை அலகாக எடுத்துக்கொண்டதில் தனக்கு மகிழ்ச்சி என்றார். இந்திய லிபர்டேரியன் யாராவது சுவரில் படம் மாட்ட ஆசைப்பட்டால் இந்த வாக்கியத்தைப் பேசியவரின் படத்தை மாட்டலாம். அரசாங்கம் சின்னதாக இருக்கட்டும் என்று நான் சொன்னால், என் தலித் நண்பர் ஒருவர் உடனே கேட்பார்: "சர்க்கார் ஒதுங்கிக்கிட்டா அந்த எடத்துல யார் வந்து உக்காருவா, தனிமனுசனா, எங்க ஊர்க் கவுண்டரா?" இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்காதவன் இங்கே சுதந்திரம் பேசக் கூடாது. டீக்கடையில் தனி டம்ளர் வைத்தவனும் அரசாங்கம்தான், அவனிடம் ரப்பர் ஸ்டாம்பு மட்டும் இல்லை. அவனிடமிருந்து தனி ஆளைக் காப்பது போலீஸின் முதல் வேலை. நான் கேட்கும் சிறிய அரசாங்கம் இந்த வேலையில் பலவீனமாக இருந்தால் அது எனக்கு வேண்டாம். நான் அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிட்டுப் படித்தவன், அதையும் பிடுங்கு என்று சொல்லப் போவதில்லை.

பேச்சுச் சுதந்திரத்திலும் ராஜாஜி கணக்குச் சரியாக இல்லை. 1951-ல் டெல்லியில் உள்துறை அமைச்சராக இருந்தபோது தடுப்புக் காவல் சட்டத்தை நீட்டித்தார், பத்திரிகைகளை அடக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். அரிசிக்குக் காட்டிய தாராளத்தைக் கம்யூனிஸ்ட் பத்திரிகைக்குக் காட்டவில்லை. பொருளுக்கு மட்டும் சுதந்திரம் கேட்டுவிட்டு ஆளைக் கட்டிப்போட்டால் அதை எதில் சேர்ப்பது?

சரி, கள்ளுக்கு வருகிறேன்.

வாழப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு மரமேறி என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். முழங்காலிலும் மார்பிலும் மரம் உரசிக் காய்த்த தோல், தோல்பட்டை மாதிரிக் கெட்டியாக. மகன் கருப்பட்டியைப் பாக்கெட் போட்டு பெங்களூருக்கு அனுப்ப ஆசைப்படுகிறான், ஜிஎஸ்டி எண் வேண்டும். வரி உள்ள பொருளை மாநில எல்லை தாண்டி விற்றால் விற்பனை நூறு ரூபாய் என்றாலும் பதிவு கட்டாயம். உள்மாநிலம் என்றால் வருடம் 40 லட்சம் வரை தேவையில்லை. இதை விளக்கியதும் அவர் கேட்டார்: "ஓசூர் வரைக்கும் சும்மா போலாம், அத்திப்பள்ளி போனா நம்பர் வேணுமுங்களா?" ஆமாம் என்றேன். தாத்தா காலத்து மாவட்ட எல்லை மாநில எல்லைக்கு நகர்ந்திருக்கிறது. அந்த அளவுக்கு முன்னேற்றம்தான்.

பேச்சு பனைமரத்துக்குப் போனது. காலையும் மாலையும் ஏறிப் பாளையைச் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டாலும் பாளை அடைத்துக்கொள்ளும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் சொட்டுவது பதநீர். தடவாமல் கட்டினால் அதே சொட்டு, அதே பாளை, பொழுது ஏற ஏறத் தானாகப் புளித்துக் கள்ளாகிவிடும். யாரும் எதையும் காய்ச்ச வேண்டாம், கலக்க வேண்டாம். "சுண்ணாம்பு பூசுனா பதனிங்க. பூசாட்டி கேசுங்க" என்றார். வெயில் கடுமையாக இருக்கும் நாளில் பூசிய சுண்ணாம்பு பத்தாமல் பதநீரே லேசாகப் புளித்துவிடுமாம். அன்றைக்குக் கலயத்தை முகர்ந்து பார்க்கிற காவலரின் மூக்குதான் நீதிமன்றம். ஒருமுறை அப்படிப் பிடித்து, கலயங்களை எல்லாம் மரத்தடியிலேயே அடித்து உடைத்துவிட்டுப் போனார்களாம். உடைந்த கலயங்களுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையில் படித்தவன் என்ற மரியாதை கொஞ்சம் குறைந்தது தெரிந்தது.

அவரைக் குற்றவாளியாக்குவது 1937-ல் ராஜாஜி போட்ட அதே மதுவிலக்குச் சட்டம்தான். இடையில் எத்தனை ஆட்டம்! 1971-ல் தடையைத் தளர்த்தினார்கள். அப்போது 92 வயது ராஜாஜி, வேண்டாம் என்று கேட்டுக் கருணாநிதி வீட்டுக்கே போனார், மழையில். அப்புறம் மறுபடி மூடி, எம்ஜிஆர் காலத்தில் 1981-ல் மறுபடி திறந்து, 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் திரும்பத் தடை. ஆனால் பிராந்திக்கும் விஸ்கிக்கும் தடை இல்லை. 2003-லிருந்து அதைச் சில்லறையில் விற்பதும் அரசாங்கமே. டாஸ்மாக் வழியாக அரசுக்கு 2023-24-ல் வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். ஆக, ஒரே சட்டப்புத்தகத்தின் நிழலில், தொழிற்சாலையில் காய்ச்சிய காட்டமான சரக்கை அரசு ஊழியர் சீட்டுப் போட்டு விற்கிறார். அதைவிடப் போதை பல மடங்கு குறைந்த, மரத்திலிருந்து இறங்கிய பானத்தை விற்பவர் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறார். பாலக்காடு தாண்டினால் அதே கள்ளுக்குக் கடை உண்டு, தொட்டுக்கொள்ள மீன் உண்டு, குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படம் எடுத்துப் போடுகிறார்கள். மாநில மரம் பனை. மரத்துக்கு மரியாதை, மரமேறிக்கு விலங்கு.

குடியை ஆதரிக்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை. குடியால் நொடித்த குடும்பங்களின் கணக்குகளை நான்தான் மூடிக் கொடுத்திருக்கிறேன். ராஜாஜியின் மதுவிலக்கில் நேர்மை இருந்தது, வருமானத்தை விட்டுக்கொடுத்து மூடினார். அதை என்னால் ஏற்க முடியாவிட்டாலும் மதிக்க முடிகிறது. இப்போது இருப்பது விலக்கே இல்லை, ஏகபோகம். போட்டியாளனைப் போலீஸை வைத்துப் பிடிக்கும் வியாபாரி உலகத்தில் வேறு யாருக்கு உண்டு? கள்ளில் போதை மாத்திரை கலப்பார்கள் என்பது அரசுத் தரப்பு வாதம். கலப்பார்கள்தான். பாலிலும்தான் கலக்கிறார்கள். கலப்படத்தைப் பிடிக்கத்தான் உணவுப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், அவருக்கு நான் கேட்கும் சிறிய அரசாங்கத்தில் நிரந்தர வேலை உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். எங்கள் சேலம் அரசு மருத்துவமனைக்கும் கொண்டுவந்தார்கள். டாஸ்மாக் விலை கொடுக்க முடியாத கூலியாளுக்குக் கள் கிடைத்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மலிவில் கிடைத்தது விஷம் மட்டும்தான் என்ற நிலைமையை உண்டாக்கியதில் தடைக்குப் பங்கில்லை என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

2017-ல் நம்மூர் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி தென்னை நீராவுக்கு, அதாவது தென்னம்பாளையிலிருந்து புளிக்காமல் இறக்கும் சாறுக்கு, அனுமதி அறிவித்தார். நல்ல செய்தி என்று விசாரித்தால், உரிமம் தனி விவசாயிக்கோ மரமேறிக்கோ கிடையாது, தென்னை உற்பத்தியாளர் கூட்டமைப்பு, நிறுவனம் என்று அமைப்பு வழியாகத்தான். தன் தோட்டத்தில் தன் மரத்தில் வடிவதை விற்க ஒருவன் முதலில் ஒரு கம்பெனியில் பங்குதாரர் ஆக வேண்டும். ராஜாஜி இதைத்தான் கிண்டல் செய்தார், கிண்டல் இன்னும் பழசாகவில்லை.

கள்ளுக்கு அனுமதி வேண்டும் என்று இப்போது பல கட்சிகள் பேசுகின்றன. வந்தாலும் வரும். எனக்கு இருக்கும் பயம் வேறு. நாளைக்கே அரசாணை வந்தால் அதோடு கடை ஏலம் வரும், மரத்துக்கு நம்பர் ஒட்டுவார்கள், இணையதளத்தில் விண்ணப்பம், மரமேறிக்கு அடையாள அட்டை, வைப்புத்தொகை, மாதாந்திரப் படிவம். ஏலத்தை எடுப்பவர் மரமேறியாக இருக்க மாட்டார், ஏற்கெனவே பார் நடத்துபவராக இருப்பார். வாழப்பாடிக்காரர் அவரிடம் கூலிக்கு ஏறுவார். நான் கேட்பது இவ்வளவுதான்: தன் மரத்தடியில் விற்பவனுக்கு உரிமம் வேண்டாம். மாவு அரைத்து விற்கும் அக்காவுக்குச் சொற்பக் கட்டணத்தில் ஒரு உணவுப் பதிவு இருக்கிறதே, அதே போதும். சந்தேகம் இருந்தால் மாதிரி எடு, கலப்படம் இருந்தால் உள்ளே போடு.

ஏலமும் படிவமும் வந்தால் எனக்கு மட்டும் லாபம். சேலம் மாவட்டத்தில் பாதி விண்ணப்பம் என் மேசைக்குத்தான் வரும், அதற்கு ஒரு ஆளைப் புதிதாக வைக்க வேண்டியிருக்கும். அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். "அப்ப நீங்க எதுக்கு மாமா எதிர்க்கிறீங்க?" என்றான். அவனுக்கு இன்னும் கிரிப்டோ விலைதான் ஓடிக்கொண்டிருக்கிறது.